ஒயருக்கு ஓர் இடம், தண்ணீருக்கு ஓர் இடம்

வீட்டில் கரண்ட் எந்தச் சுவருக்குள் ஓடுகிறது, தண்ணீர் எந்த மூலையில் ஏறுகிறது, கழிவு எந்த வழியாக இறங்குகிறது என்று யாரும் தினமும் யோசிப்பதில்லை. கட்டும்போது எலக்ட்ரீஷியனும் பிளம்பரும் ஒருமுறை பதித்துவிட்டுப் போனதோடு சரி. அமெரிக்காவில் ஆர்வி என்று சொல்லப்படும் சக்கர வீட்டில் அது நடக்காது. கரண்ட், குடிதண்ணீர், கழிவுநீர் மூன்றையும் போகிற ஊரிலெல்லாம் நம் கையாலேயே மாட்ட வேண்டும். கிளம்பும்போது நம் கையாலேயே கழற்றிச் சுருட்டி வண்டிக்குள் வைக்க வேண்டும்.

அந்தச் சுருட்டி வைக்கும் வேலையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பார்ப்பவர்களுக்கு அது வெறும் ஒழுங்கு சம்பந்தப்பட்ட விஷயமாகத் தெரியும். பெட்டியைத் திறந்தால் அழகாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்று நினைப்பார்கள். நான் மின் பொறியியல் படித்தவள். எங்கள் வண்டியில் மாட்டுவதும் கழற்றுவதும் என் பொறுப்பு. என் கணக்கில் அழகு கடைசியில்தான் வருகிறது. பிளக் கருகுவதும், ஒயரின் மேலுறை வெடிப்பதும், குடிக்கிற தண்ணீரில் வாடை வருவதும் பெரும்பாலும் முந்தைய முறை எப்படிச் சுருட்டி வைத்தோம் என்பதிலிருந்தே தொடங்குகின்றன.

நம் ஊரில் படப்பிடிப்புத் தளங்களில் நிற்கும் கேரவனைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஆர்வி அதே இனம்தான். சமையல் மேடை, கட்டில், கழிவறை, ஏசி எல்லாம் உள்ள வண்டி. இன்ஜினோடு சேர்ந்தே வருவது மோட்டார்ஹோம். காருக்கோ பிக்கப் டிரக்குக்கோ பின்னால் கொக்கி போட்டு இழுப்பது டிராவல் டிரெய்லர். அமெரிக்க ஆர்விகளில் பெரும்பகுதி இண்டியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் வட்டாரத்தில்தான் தயாராகிறது. அலுமினியத் தகடு பளபளக்கும் ஏர்ஸ்ட்ரீம் வண்டிகளைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். வாலி பையம் என்பவர் 1931இல் தொடங்கிய அந்த நிறுவனம் நாங்கள் இருக்கும் ஒஹையோ மாநிலத்தின் ஜாக்சன் சென்டர் என்ற சிற்றூரில் இயங்குகிறது. எங்களுடையது அத்தனை விலை உயர்ந்தது இல்லை. பழையதாக வாங்கிய ஒரு டிராவல் டிரெய்லர். வீட்டுக்காரர் ஓட்டுவார். போய்ச் சேர்ந்ததும் நான் இறங்கி இடப்பக்கப் பெட்டியைத் திறப்பேன்.

ஏன் இடப்பக்கம்? வண்டிகள் தங்கும் கேம்ப்கிரவுண்டில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கரண்ட் கம்பம் இருக்கும். இடுப்பளவு உயரம், மூடி போட்ட பெட்டி, உள்ளே சாக்கெட்டுகளும் பிரேக்கர்களும். அமெரிக்காவின் தேசிய மின் விதித் தொகுப்பில் 551ஆம் பிரிவு முழுக்க ஆர்விகளுக்கும் அவை தங்கும் இடங்களுக்கும் உரியது. நிறுத்திய வண்டிக்கு இடப்பக்கத்தில் கம்பம் இருக்க வேண்டும் என்பது அதில் உள்ள ஏற்பாடு. வண்டியின் பக்கவாட்டில் ஒயர் நுழைந்தால் குறைந்தது 25 அடி நீளம், பின்பக்கம் நுழைந்தால் 30 அடி என்று ஒயருக்கும் அளவு வைத்திருக்கிறார்கள். ஆக ஒவ்வொரு வண்டிக்கும் ஏழெட்டு மீட்டர் தடித்த ஒயர் ஒன்றைச் சுமந்து திரிவது கட்டாயம்.

அந்த ஒயர் சாதாரண எக்ஸ்டென்ஷன் ஒயர் இல்லை. இரண்டு வகை உண்டு. சிறிய, நடுத்தர வண்டிகளுக்கு 30 ஆம்பியர் ஒயர்: மூன்று முள் பிளக், 120 வோல்ட், அதிகபட்சம் 3,600 வாட். பெரிய வண்டிகளுக்கு 50 ஆம்பியர்: நான்கு முள், இரண்டு 120 வோல்ட் லைன்கள், மொத்தம் 12,000 வாட். முன்னதில் 10 கேஜ் செம்பு. பின்னதில் அதைவிடத் தடித்த 6 கேஜ். 50 ஆம்பியர் ஒயரை ஒரு கையில் தூக்கி நடப்பது சிரமம். பத்துக் கிலோவைத் தாண்டும்.

இங்கே நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. நம் வீட்டுக் கரண்ட் 230 வோல்ட். அமெரிக்காவில் ஏறக்குறைய பாதி. வோல்ட் பாதியானால், அதே வேலைக்கு ஆம்பியர் இரண்டு மடங்கு வேண்டும். 1,500 வாட் ஹீட்டர் நம் ஊரில் ஆறரை ஆம்பியர் எடுக்கும், அங்கே பன்னிரண்டரை. ஒயரில் உண்டாகும் சூடோ ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆம்பியர் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. அதனால் அங்கே ஒயர் விஷயத்தில் அலட்சியம் காட்ட இடமே இல்லை.

சுருட்டி வைத்த ஒயரில் கரண்ட் ஓட விடாதே என்பது ஆர்வி வைத்திருக்கும் பெரியவர்கள் எல்லாரும் சொல்வது. கம்பம் வண்டிக்குப் பக்கத்திலேயே இருந்தால் பத்தடி ஒயர் போதும். மீதிப் பதினைந்து அடியைச் சுருளாகவே கீழே போட்டுவிடத் தோன்றும். போடக் கூடாது என்பது சரி. ஆனால் அதற்குப் பலர் சொல்லும் காரணம் தவறு. ஒயரைச் சுற்றினால் மின்காந்தமாகிவிடும், அதனால்தான் சூடாகிறது என்பார்கள். ஒரு கம்பி மட்டும் இருந்தால் அப்படி நினைக்கலாம். இந்த ஒயருக்குள் போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் பக்கம் பக்கமாக ஒரே உறைக்குள் ஓடுகின்றன. ஒன்றின் காந்தப்புலத்தை மற்றது அழித்துவிடும். காந்தம் என்று சொல்லும்படி எதுவும் மிஞ்சாது.

உண்மைக் காரணம் எளிது. 10 கேஜ் செம்புக் கம்பிக்கு ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய ஓர் ஓம் மின்தடை. 25 அடி ஒயரில் போக வர 50 அடி, மின்தடை 0.05 ஓம். முழு 30 ஆம்பியரும் ஓடினால் 45 வாட் சூடாக வெளியேறும். ஒயரை நீட்டிப் போட்டிருந்தால் அந்த 45 வாட்டும் ஏழரை மீட்டரில் பரவிக் காற்றோடு போய்விடும். கைவைத்துப் பார்த்தால் இலேசான வெதுவெதுப்புதான். அதே ஒயரைச் சுருட்டி ஒரு மூடிய பெட்டிக்குள் அமுக்கி வைத்துக்கொண்டு ஏசியையும் மைக்ரோவேவையும் ஓட்டினால், எரிகிற ஒரு குண்டு பல்பைப் போர்வைக்குள் சுற்றி வைத்தது போல ஆகும். உள்சுற்றில் இருக்கும் ஒயருக்குச் சூடு வெளியேற வழியே கிடையாது. மேலே உள்ள பிளாஸ்டிக் உறை மெல்ல இளகும். ஓர் இரவில் எதுவும் தெரியாமல் போகலாம். கோடை முழுக்க இப்படியே ஓடினால் உறை கெட்டிப்பட்டு வெடிக்கும்.

இங்கிலாந்தில் விற்கும் டிரம் வகை ஒயர்களில் இதை வெளிப்படையாகவே அச்சிட்டிருப்பார்கள்: முழுதும் அவிழ்த்தால் இத்தனை ஆம்பியர், சுற்றியபடியே இருந்தால் இத்தனைதான் என்று இரண்டு அளவுகள். இரண்டாவது அளவு முதலாவதில் பாதிகூட இராது. அமெரிக்க ஆர்வி உலகத்துக்கும் அந்த அச்சடிப்பு வர வேண்டும் என்று எனக்கு ஆசை. மீதி ஒயர் இருந்தால் வண்டிக்கு அடியில் நெளி நெளியாக, ஒன்றன்மேல் ஒன்று படாமல் தளர்வாகப் பரப்பிவிடுங்கள். சில வண்டிகளில் ஒயர் வண்டியோடு நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருக்கும். சிறு கதவு வழியாக உள்ளே தள்ளிவிடுவது. அதில் தேவைக்கு மட்டும் வெளியே இழுத்து, மீதியை உள்ளேயே விட்டுவிடுவார்கள். அந்த உள்ளே என்பது காற்றே இல்லாத மரப்பெட்டி. முழுதும் வெளியே இழுத்துவிடுவதே சரி.

இனி சுருட்டும் விதம். இதை நான் கல்லூரியில் கற்கவில்லை. கோவில்பட்டியில் என் மாமா மைக்செட் கடை வைத்திருந்தார். கோயில் கொடை, கல்யாணம், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் குழாய் ஸ்பீக்கரும் சீரியல் லைட்டும் வாடகைக்கு விடுவார். நிகழ்ச்சி முடிந்த நடுராத்திரியில் கடைப் பையன்கள் தூக்கக் கலக்கத்தில் ஒயரை உள்ளங்கையிலிருந்து முழங்கைக்கு, முழங்கையிலிருந்து உள்ளங்கைக்கு என்று இறுக்கிச் சுற்றுவார்கள். மாமா விடமாட்டார். "டேய், ஒயரை முறுக்காத. எட்டுப் போட்டுச் சுத்து" என்பார். அது ஏன் என்று அவர் விளக்கியதில்லை. முறுக்கிச் சுற்றிய ஒயர் அடுத்த கோயிலில் அவிழ்க்கும்போது சிக்கும், ஒரு வருடத்தில் உள்ளே அறுந்துபோகும் என்று மட்டும் சொல்வார். மின் பொறியியல் வகுப்பில் உட்கார்ந்த பிறகுதான் அதில் இருந்த நியாயம் எனக்கு விளங்கியது.

ஒயரை ஒரே திசையில் வட்டம் வட்டமாகச் சுற்றும்போது ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒயர் தன்னைத்தானே ஒரு முழுச் சுற்று முறுக்கிக்கொள்கிறது. பத்து வட்டம் சுற்றினால் பத்து முறுக்கு. உள்ளே இருக்கும் மூன்று கம்பிகளும் ஏற்கெனவே ஒன்றோடொன்று பின்னி வைக்கப்பட்டவை. அந்தப் பின்னலோடு நாம் சேர்க்கும் முறுக்கு, சுற்றும் திசையைப் பொறுத்து, பின்னலை இன்னும் இறுக்கும் அல்லது அவிழ்க்கப் பார்க்கும். இரண்டுமே கெடுதல். மேலுறை புடைத்துத் திருகிக்கொண்டு, நேராகப் போட்டாலும் நேராக நில்லாத ஒயர்களைக் கேம்ப்கிரவுண்டில் நிறையப் பார்க்கிறேன்.

இதற்கு மருந்து, ஒரு வட்டத்தை மேல் வழியாகவும் அடுத்த வட்டத்தை அடி வழியாகவும் போடுவது. இடது கையில் சுருளைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் வட்டத்தை வழக்கம்போலக் கொண்டுவந்து வையுங்கள். இரண்டாவது வட்டத்துக்கு வலது கையைப் புறங்கை உங்கள் பக்கம் திரும்பும்படி மாற்றிப் பிடித்து, ஒயரின் தொடரும் பகுதி வட்டத்துக்கு உள்பக்கமாக வரும்படி வையுங்கள். முதல் வட்டம் தந்த முறுக்கை இரண்டாவது வட்டம் எடுத்துவிடும். மூன்றாவது வழக்கம்போல, நான்காவது மாற்றி. கச்சேரி மேடைகளில் ஒலி அமைப்பவர்கள் உலகம் முழுக்க இப்படித்தான் சுற்றுகிறார்கள். நாலைந்து தடவை செய்து பார்த்தால் கை பழகிவிடும். இப்படிச் சுற்றிய ஒயரை ஒரு முனையைப் பிடித்து வீசினால் ஒரு முடிச்சு இல்லாமல் நேராகப் போய் விழும். ஒரே ஒரு எச்சரிக்கை: கடைசி முனையைச் சுருளின் நடுவே நுழைத்துவிட்டால் வரிசையாக முடிச்சுகள் விழுந்துவிடும். அதனால் சுற்றி முடித்த உடனே வெல்க்ரோ பட்டை ஒன்றைக் கட்டிவிடுங்கள்.

50 ஆம்பியர் ஒயரைக் கையில் வைத்து இப்படிச் சுற்ற முடியாது, கனம். அதற்குத்தான் என் மாமாவின் எட்டு. தரையில் இரண்டடி அகலத்துக்கு எட்டு வடிவில் ஒயரைப் போட்டுக்கொண்டே வாருங்கள். எட்டின் ஒரு பாதி தரும் முறுக்கை மறுபாதி நீக்கிவிடும். முடிந்ததும் எட்டை நடுவில் மடித்தால் ஒரே சுருளாகிவிடும். எந்த முறையானாலும் வண்டிப் பக்கத்து முனையிலிருந்து தொடங்கிக் கம்பத்துப் பக்கத்து முனையில் முடியுங்கள். கம்பத்திலிருந்து கழற்றிய முனை தரையில் சுதந்திரமாகக் கிடப்பதால், ஒயரில் ஏற்கெனவே இருக்கும் முறுக்கும் அந்த வழியாக வெளியேறிவிடும். வட்டத்தின் அகலம் ஒன்றரை அடிக்குக் குறைய வேண்டாம். குளிர்காலத்தில் பிளாஸ்டிக் உறை விறைத்துப் போயிருக்கும். அப்போது பலவந்தமாக வளைத்தால் கீறல் விடும். கொஞ்ச நேரம் வெயிலில் போட்டுவிட்டுச் சுற்றுங்கள்.

சுற்றும்போதே ஒரு பழைய துணியை ஒயரின்மேல் பிடித்துக்கொண்டால் மண்ணும் பனித்துளியும் துடைபட்டுவிடும். பிளக்கை அப்போது ஒருமுறை பாருங்கள். முள் பித்தளை நிறத்தில் இருக்க வேண்டும். பழுப்பேறியிருந்தாலோ, சுற்றியுள்ள பிளாஸ்டிக் ஒரு பக்கம் உருகியிருந்தாலோ அந்தப் பிளக்கோடு அடுத்த ஊருக்குப் போகாதீர்கள். ஊர் ஊராக ஆயிரம் பேர் மாட்டிக் கழற்றிய சாக்கெட்டுகள் தளர்ந்துவிடுகின்றன. தளர்ந்த இடத்தில் சூடு பிறக்கிறது. நடு ஒயர் உருகுவதைவிட முனை கருகுவதுதான் அதிகம். மாட்டும்போதும் கழற்றும்போதும் கம்பத்துப் பிரேக்கரை முதலில் அணைத்துவிட வேண்டும். கழற்றும்போது பிளக்கைப் பிடித்து இழுக்க வேண்டுமே தவிர ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது.

எதில் வைப்பது? கடைகளில் மோட்டார் வைத்த உருளைகூட விற்கிறார்கள். என் தீர்ப்பு, துணி போட்டு வைக்கும் ஓட்டை ஓட்டையான பிளாஸ்டிக் கூடை. காற்று போகும், ஈரம் காயும், வண்டி குலுங்கினாலும் உருளாது, விலையும் சொற்பம். வலைப் பையும் நல்லதுதான். மூடி போட்ட டப்பா வேண்டாம். ஈரம் உள்ளேயே தங்கி முள்ளில் களிம்பு ஏறும். ஒயர் நுழையும் சிறு கதவைச் சும்மா திறந்து விட்டுப் போவதும் வேண்டாம். எலிக்கு அரை அங்குலம் இடம் போதும். உள்ளே போன எலி ஒயரைக் கடிப்பதோடு நிற்காது, வண்டிக்குள்ளேயே கூடு கட்டும்.

அடுத்தது தண்ணீர். இதில் நான் இன்னும் கண்டிப்பு.

அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது எங்களோடு ஹாக்கிங் ஹில்ஸ் என்ற இடத்துக்கு வந்தார். கழற்றி அடுக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏம்மா, குடிக்கிற தண்ணிக் குழாயையும் கக்கூசுக் குழாயையும் ஒரே பெட்டியிலயா வைக்கிறீங்க?" என்றார். "இல்லம்மா, அது பின்னால தனியா இருக்கு" என்று காட்டினேன். பம்பருக்குள் அது இருப்பதைக் குனிந்து பார்த்த பிறகுதான் வண்டியில் ஏறினார். ஆர்வி சம்பந்தமாக யாரும் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான் என்பது என் கருத்து.

ஆர்வியில் பொதுவாக மூன்று வகை ஹோஸ் இருக்கும். குடிதண்ணீர் ஹோஸ் வெள்ளையாகவோ நீலமாகவோ இருக்கும். கழிவுத் தொட்டியை அலசுவதற்கு வேறு நிறத்தில் ஒரு சிறிய ஹோஸ். கழிவை வெளியேற்றும் மூன்று அங்குலப் பருமனான மடிப்புக் குழாய் ஒன்று. மூன்றாவதை யாரும் மாற்றி மாட்டிவிட முடியாது. ஆபத்து முதல் இரண்டில். இரண்டின் முனையிலும் ஒரே முக்கால் அங்குல மரை. எதையும் எதிலும் திருகிவிடலாம். இருட்டில், மழையில், அவசரத்தில் நிறம் தெரியாது. அதனால்தான் இடமே வேறாக இருக்க வேண்டும் என்கிறேன். எங்கள் வண்டியில் குடிதண்ணீர் ஹோஸ், வடிகட்டி, அழுத்தம் குறைக்கும் சிறு பித்தளைக் கருவி மூன்றும் முன்பக்கப் பெட்டியில். அலசும் ஹோஸ் பின்னால், கழிவுக் குழாயோடு. ஒன்றைத் தேடிப் போனால் மற்றது கைக்கு எட்டாத தூரம்.

தோட்டத்துக்குப் பாய்ச்சும் பச்சை ஹோஸே போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. குடிதண்ணீர் தொடும் பித்தளை இணைப்புகளில் ஈயம் 0.25 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்காவில் 2014 ஜனவரி முதல் சட்டம்; அதற்கு முன் 8 சதவீதம் வரை அனுமதி இருந்தது. தோட்ட ஹோஸ் குடிதண்ணீருக்காக விற்கப்படுவது இல்லை, எனவே அந்தச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தாது. வெயிலில் ஹோஸுக்குள் தேங்கிச் சூடான தண்ணீர், பித்தளையிலிருந்து ஈயத்தையும் பிளாஸ்டிக்கிலிருந்து வேறு ரசாயனங்களையும் கரைத்துக்கொண்டு வரும். குழந்தைகள் இருக்கும் வண்டியில் இந்தச் சிக்கனம் தேவையே இல்லை. குடிதண்ணீருக்கு உரியது என்று உறையில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

நல்ல ஹோஸ் வாங்கினாலும் ஈரத்தோடு சுருட்டி வைத்தால் வீண். உள்ளே நிற்கும் தண்ணீரில் குளோரின் இரண்டொரு நாளில் தீர்ந்துவிடும். பிறகு குழாயின் உள்சுவரில் வழவழப்பான ஒரு படலம் கட்டும். கிருமிகள் அதற்குள் குடியேறும். அடுத்த ஊரில் குழாயைத் திறந்ததும் வரும் பாசி வாடை அதுதான்.

நீர் வடிப்பதற்குப் பெரிய வித்தை எதுவும் இல்லை. குழாயை மூடி இரண்டு முனைகளையும் கழற்றுங்கள். ஒரு முனையைத் தோளுக்கு மேல் தூக்கி, ஹோஸைக் கைமாற்றிக் கைமாற்றித் தோள் வழியாக விட்டுக்கொண்டே மறுமுனை வரை நடந்து போங்கள். 25 அடி ஹோஸில் இருக்கும் தண்ணீர் முழுதும் முன்னால் ஓடி வெளியேறிவிடும். பிறகு சரிவான இடத்தில் கொஞ்ச நேரம் கிடக்கட்டும். சுற்றும்போது ஒயருக்குச் சொன்ன அதே முறை ஹோஸுக்கும் பொருந்தும். முறுக்கு ஏறிய ஹோஸ் ஓரிடத்தில் மடிந்து தண்ணீரை அடைத்துக்கொள்ளும், மடிந்த இடம் நாளடைவில் கசியும்.

முனைகளை ஒன்றோடொன்று திருகி வைப்பதா, திறந்து விடுவதா என்று இரண்டு கட்சிகள் உண்டு. திருகினால் பூச்சி, மண் நுழையாது. ஆனால் உள்ளே ஈரம் அடைபடும் என்பது வாதம். நன்றாக வடித்துவிட்டுத் திருகி வைப்பதுதான் நான் செய்வது. வடிக்காமல் திறந்து வைத்தாலும் சுருளின் அடிப்பகுதித் தண்ணீர் எங்கும் போகப் போவதில்லை. எறும்பும் சிலந்தியும் உள்ளே வருவதுதான் மிச்சம். அடுத்த ஊரில் மாட்டும்போது முதலில் கேம்ப்கிரவுண்டுக் குழாய் முனையைத் துடைத்துவிட்டு, ஹோஸை வண்டியில் இணைப்பதற்கு முன்பே அரை நிமிடம் தண்ணீரைத் திறந்து கீழே விட்டுவிடுங்கள். பருவத்தின் தொடக்கத்தில் வண்டித் தொட்டியை பிளீச் கலந்து சுத்தம் செய்யும்போது, 15 காலன் தண்ணீருக்குக் கால் கப் பிளீச் என்பது வழக்கமான அளவு. அந்தத் தண்ணீரை ஹோஸ் வழியாகவே விட்டு, சில மணி நேரம் ஊறவிட்டு, வாடை போகும்வரை நல்ல தண்ணீரில் அலசினால் இரண்டும் ஒரே வேலையில் சுத்தமாகும். பிளீச்சில் வாசனை சேர்த்தது வேண்டாம், சாதாரணமானதே போதும்.

ஹோஸ் முனைக்குள் ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். அது விழுந்துவிட்டால் எத்தனை இறுக்கினாலும் சொட்டும். நாலைந்து வாஷர் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

கழிவுக் குழாயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய டிரெய்லர்களின் பின் பம்பர் நான்கு அங்குலச் சதுர இரும்புக் குழலாக இருக்கும். அதற்குள்ளேயே தள்ளி இரண்டு பக்கமும் மூடிவிடுவார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் இரும்பு உள்ளுக்குள் துருப்பிடித்துக் கூராகிக் குழாயைக் கிழிக்கும். வேலிக்கு நடும் பிளாஸ்டிக் கம்பத்தை வாங்கி வண்டிக்கு அடியில் பொருத்திக்கொள்பவர்கள் பெருகிவிட்டார்கள். அது துருப்பிடிக்காது, கழுவலாம். எங்கே வைத்தாலும் அலசி, வடித்து, இரண்டு முனைக்கும் மூடி போட்டு வையுங்கள். கையுறை போட்டுச் செய்யுங்கள். முடிந்ததும் கையுறையைத் தூக்கிப் போடுங்கள், பெட்டிக்குள் கொண்டுவராதீர்கள். கழிவு கொட்டும் இடத்தில் இருக்கும் குழாயில் குடிக்கத் தகாத தண்ணீர் என்று எழுதியிருப்பார்கள். குடிதண்ணீர் ஹோஸை அந்தக் குழாய்க்கு அருகேகூடக் கொண்டுபோக வேண்டாம்.

கிளம்பும்போது நான் வைத்திருக்கும் வரிசையும் இதையொட்டித்தான். முதலில் கரண்ட், கை உலர்ந்திருக்கும்போதே. அடுத்து குடிதண்ணீர், கை சுத்தமாக இருக்கும்போதே. கழிவு கடைசியில். அதன் பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எந்தப் பெட்டியின் கைப்பிடியையும் தொடுவதில்லை. வீட்டுக்காரர் உதவிக்கு வந்தால், வேலையைப் பிரித்துக்கொள்வோம்: அவர் கழிவுப் பக்கம், நான் கரண்ட், குடிதண்ணீர்ப் பக்கம். இடையில் மாற்றிக்கொள்வதில்லை.

ஒஹையோவில் இலையுதிர் காலம் முடிந்து இரவில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போகத் தொடங்கியதும் ஹோஸ்களை வண்டியில் விடக் கூடாது. உள்ளே நிற்கும் சிறிதளவு தண்ணீர் உறைந்து விரிந்தாலும் இணைப்பு வெடித்துவிடும். வண்டிக் குழாய்களில் இளஞ்சிவப்பு நிற உறைதடுப்புத் திரவத்தை விட்டு மூடிவிடுவோம். ஹோஸ்களையும் ஒயரையும் வீட்டு நிலவறையில், கூடைகளோடு அப்படியே தரையில் வைத்துவிடுவோம். ஆணியில் மாட்டித் தொங்கவிட்டால் ஒரே இடத்தில் கனம் விழுந்து ஹோஸ் நிரந்தரமாக மடிந்துவிடும்.

இப்போது நம் ஊரிலிருந்து வருகிறவர்கள் பலர் லாஸ் ஏஞ்சலிஸிலோ லாஸ் வேகஸிலோ ஆர்வியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கிராண்ட் கேன்யன், யோசெமிட்டி என்று குடும்பத்தோடு சுற்றுகிறார்கள். நல்ல பயணம், கட்டாயம் போங்கள். வாடகைக் கடைக்காரர் ஸ்டீயரிங்கையும் சமையலறையையும் காட்டிவிட்டுச் சாவியைக் கொடுக்கப் பார்ப்பார். சாவியை வாங்குவதற்கு முன் பக்கவாட்டுப் பெட்டிகளைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒயரை முழுதும் வெளியே இழுத்துப் பிளக்கைப் பாருங்கள். கருகியிருந்தால் வேறு ஒயர் கேளுங்கள். குடிதண்ணீர் ஹோஸும் அலசும் ஹோஸும் ஒன்றாகச் சுருண்டு கிடந்தால் எது எது என்று கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். போகிற வழியில் ஏதாவது ஒரு பெரிய கடையில் நிறுத்திப் புதிதாக ஒரு வெள்ளை ஹோஸ் வாங்கிவிடுங்கள். 25 அடிக்கு இருபது, முப்பது டாலர்தான் ஆகும். பயணம் முடிந்து வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது அதை வடித்து, முனைகளைத் திருகி, தனியாக வைத்துவிட்டு வாருங்கள். அடுத்து எடுக்கும் குடும்பத்துக்கு அது பயன்படும்.